ட்ரம்பெட் ஊதுகிறவனை எப்படி அழைப்பது

மக்கா,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் நெடுமங்காடு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். நாலைந்து வண்டிகள் ஒரே நேரத்தில் இரைந்துகொண்டிருந்ததில் நீ சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. "அம்மா, நான் திரும்பி வந்துரட்டா?" என்று கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. "ஏன்டா, சாப்பாடு பிடிக்கலியா?" என்று நான் கேட்பதற்குள் டிரைவர் சசியண்ணன் வண்டியைக் கிளப்பிவிட்டார். டிக்கெட் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சாயங்காலம் டியூட்டி முடிந்து பேரூர்க்கடை வீட்டுக்கு வந்து நான் திரும்ப அழைத்தபோது முழுக் கதையையும் சொன்னாய். சொல்லி முடித்ததும் நான் சிரித்துவிட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு அழைத்தாலும் எடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த பிள்ளைக்கு நான் அடுப்படியில் வைத்துச் சொல்லிக்கொடுத்த எழுத்து அது. மெதுவாகவே வாசி. எனக்கும் அவசரமில்லை, இன்று விடுமுறை, உன் அப்பா வேலைக்குப் போய்விட்டார்.

நடந்ததைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் பேண்ட் மாஸ்டர் ஊருக்குப் போயிருந்தார். அந்த வடக்கத்தி மலை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நீ அவருக்கு உதவியாளனாகச் சேர்ந்த பிறகு, பிள்ளைகளைத் தனியாக நடத்துவது அதுதான் முதல் தடவை. ட்ரம்பெட் வரிசையில் நின்றவர்கள் ஏனோதானோ என்று ஊதினார்கள். பலமாக ஊதுங்கள் என்று சொல்ல நினைத்தாய். ஸ்லோ என்றால் ஸ்லோலி, லவுட் என்றால் லவுட்லி, அப்படியானால் ஹார்ட் என்றால் ஹார்ட்லி. "ப்ளோ ஹார்ட்லி" என்றாய். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வாத்தியத்தை வாயில் வைத்து, சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தத்தை மட்டும் எழுப்பினார்கள். நீ கோபத்தில் "ஹார்ட்லி! ஹார்ட்லி!" என்று கத்தக் கத்த அந்தச் சத்தமும் குறைந்துகொண்டே போய்க் கடைசியில் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம்தான் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். ஹார்ட்லி என்றால் பலமாக என்று அர்த்தமில்லை, ஏறக்குறைய இல்லவே இல்லை என்று அர்த்தம், அதை மெஸ்ஸில் யாரோ சொல்லித்தான் உனக்குத் தெரிந்தது. இப்போது நீ வராந்தாவில் நடந்தால் பின்னாலிருந்து "ஹார்ட்லி சார்" என்று முணுமுணுப்பு வருகிறது. "நான் ஊதறதுக்குத்தாம்மா வந்தேன், இங்கிலீஷ் பேச வரல" என்றாய். அப்போதுதான் நான் சிரித்தேன்.

உன்னைப் பார்த்துச் சிரித்ததாக நினைத்துவிட்டாய். அந்த 'லி'யை உனக்குக் கொடுத்தது யார் என்பது எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது, அதனால் வந்த சிரிப்பு. நானும் சசியண்ணனும் ஷீலா சிஸ்டரும், விதுரா வண்டியில் வந்துபோகிற இன்னும் பத்துப் பேரும் சேர்ந்து உனக்குக் கொடுத்தது அது. பஸ்ஸில் படித்த இங்கிலீஷ் அத்தனை தூரம் மலையேறிப் போய் உன்னைக் கவிழ்த்துவிட்டதே என்று நினைத்ததும் அடக்க முடியவில்லை. அந்தக் கதை உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ அதை வீட்டிலிருந்து பார்த்தாய். நான் பார்த்தது வேறு இடத்திலிருந்து.

உன்னுடைய பிளஸ் டூ ரிசல்ட்டை முதலில் பார்த்தது நீயல்ல. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிற ஷீலா சிஸ்டர்தான், ஓடுகிற வண்டியில், தன் போனில் பார்த்தார். நம்பரை நான்தான் சொன்னேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "மத்ததெல்லாம் ஜெயிச்சு கேட்டோ. இங்கிலீஷ் மாத்திரம்..." என்று நிறுத்தினார். எனக்கு ஆச்சரியமில்லை. திருவிழா சீசன் முழுக்க நீ நெடுமங்காட்டு பேண்ட் செட்டோடு கோயில் கோயிலாக, சர்ச் சர்ச்சாகப் போய் ஊதிக்கொண்டிருந்தாய். மற்ற பாடங்களைக் கேட்டதை வைத்தே எழுதிவிடுகிற தலை உனக்கு. இங்கிலீஷ் பேப்பரில் சொற்களை மாற்றி எழுதச் சொன்ன ஒரு பக்கத்தை அப்படியே வெறுமையாக விட்டுவிட்டு வந்ததாக நீயே பிறகு சொன்னாய். தப்பாக எழுதி அதைத் திருத்துகிறவர் சிரிப்பதைவிட எழுதாமலிருப்பது மேல் என்று தோன்றியதாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது ட்ரம்பெட் பெட்டி கட்டிலடியில் இல்லை. பரணில், அரிசி மூட்டைக்குப் பின்னால் போயிருந்தது. நீ தோற்றதைவிட அதுதான் என்னை என்னவோ செய்தது. உன் அப்பா கோபப்படவில்லை. விழிஞ்ஞம் துறைமுகத்தில் அவருக்கு என்ன வேலை என்று உனக்குத் தெரியும், கிரேனுக்குக் கீழே நின்று, மேலே இருக்கிற ஆபரேட்டருக்குக் கையைக் காட்டிக் காட்டிச் சுமையை இறக்க வைக்கிற வேலை. "நாளைக்கு எங்கூட வா. ஹெல்ப்பரா நில்லு. மத்தத பின்ன பாக்கலாம்" என்றார். நீயும் போனாய். சில நாள் கழித்து நீ கண்ணாடி முன்னால் நின்று உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். கடற்காற்றில் வெடித்திருந்தது. ஊதுகிறவனுக்கு உதடு எப்படிப்பட்டது என்று பேண்ட் செட்டில் உனக்குச் சொல்லியிருப்பார்கள். தேங்காயெண்ணெயைத் தொட்டுப் பூசிவிட்டு, நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாய். தோற்ற பாடத்தை மட்டும் திரும்ப எழுதுகிற பரீட்சைக்கு உன்னைக் கேட்காமலே பணம் கட்டியது அதற்கு மறுநாள்தான்.

புத்தகம் கிடைத்தது பாளையத்தில், பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கிற இடத்தில். இரண்டு ட்ரிப்புக்கு நடுவில் ஓடிப்போய்ப் பார்த்தேன். எனக்கு எந்தப் புத்தகம் நல்லது என்று என்ன தெரியும்? புரட்டிக்கொண்டே வந்தபோது ஒரு பக்கத்தில் ட்ரம்பெட் படம் இருந்தது, அதற்காக எடுத்தேன். அந்தப் பாடம் முழுக்க இசைச் சொற்கள். அடைப்புக்குள் ஒரு சொல்லைக் கொடுத்திருப்பார்கள், அதன் உருவத்தை மாற்றிக் கோடிட்ட இடத்தில் எழுத வேண்டும். பாடு என்று கொடுத்தால் பாடகர், இனிமை என்று கொடுத்தால் இனிமையாக, இப்படி. வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, விடைகள் இருந்த கடைசிப் பக்கங்களை யாரோ கிழித்து எடுத்துவிட்டிருந்தார்கள்.

நீ தொட மாட்டேன் என்றாய். நானும் வற்புறுத்தவில்லை. சாப்பாட்டு மேசையில் அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே விட்டுவைத்தேன். துறைமுகத்திலிருந்து வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே எட்டிப் பார்த்தாய். முதல் வாக்கியமே, ஒருவர் ட்ரம்பெட் ஊதிக் குழந்தையைத் தூங்க வைத்தார் என்று இருந்தது. "எவன் எழுதினான் இத? ட்ரம்பெட் ஊதினா தூங்குற புள்ளையும் எந்திரிச்சு அழும்" என்றாய். "அப்படின்னா நீ திருத்தி எழுது" என்றேன். கை கழுவிவிட்டு வந்து பேனாவை எடுத்தாய். புத்தகத்தைத் திட்டுவதற்காக எடுத்த பேனா. குழந்தை என்ற சொல்லை அடித்துவிட்டு வேறு ஏதோ எழுதினாய். அப்படியே அந்தக் கோடிட்ட இடத்தையும் நிரப்பினாய். ட்ரம்பெட்டிஸ்ட். எழுதிவிட்டு என்னைப் பார்த்து, "இது சரியாம்மா?" என்று கேட்டாய். ரிசல்ட்டுக்குப் பிறகு நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். எனக்குத் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்லுதேன்" என்றேன், தெரிந்தவள் மாதிரி.

மறுநாள் காலை விதுராவிலிருந்து கிழக்கேகோட்டைக்கு வருகிற ட்ரிப்பில், டிக்கெட் எல்லாம் கொடுத்து முடித்ததும் ஷீலா சிஸ்டரின் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "சிஸ்டரே, ட்ரம்பெட் ஊதுறவனுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு?" என்று கேட்டேன். "ட்ரம்பெட்டிஸ்ட் ஆயிரிக்கும். வயலினிஸ்ட், பியானிஸ்ட்னெல்லாம் சொல்றதில்லே?" என்றார். பின் சீட்டிலிருந்து காலேஜ் பெண் ஒருத்தி, "இல்ல ஆன்ட்டி, ட்ரம்பெட்டர். ட்ரம்மர்னு சொல்ற மாதிரி" என்றாள். முன்பக்கம் சிலர் ஒரு கட்சி, பின்பக்கம் சிலர் ஒரு கட்சி. கல்லாறு பக்கம் காட்டில் வாச்சராக இருக்கிற ராஜப்பன், அதுவரை தூங்கிக்கொண்டு வந்தவர், கண்ணைத் திறந்து, "ட்ரம்பெட்னு சொன்னா ஆனை விளிக்கிறது. காடு பாக்க வந்த வெள்ளைக்கார சாயிப்பு சொல்லிக் கேட்டதா நான்" என்றார். "அப்ப ஆனைக்கு என்ன பேரு?" என்று யாரோ கேட்க வண்டியே சிரித்தது. சசியண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "எந்தரு தங்கச்சி இது? ஆனைக்குப் பேரு வச்சிட்டுப் பெல் அடிச்சாப் போதும், தொளிக்கோடு ஆயாச்சு" என்றார். காலேஜ் பெண் போனில் தேடிக் கண்டுபிடித்துக் காட்டினாள். ட்ரம்பெட்டர்தான்.

சாயங்காலம் உன்னிடம் சொன்னேன். யானைக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். நீ வாய்விட்டுச் சிரித்தாய். சிரித்து முடித்து, "அப்ப கிளாரினெட் ஊதுறவன்?" என்றாய். அதற்குப் பிறகு தினமும் ஒரு சந்தேகத்தை எனக்குக் கொடுத்தனுப்பினாய், நான் பஸ்ஸிலிருந்து பதிலோடு திரும்பி வந்தேன். மியூசிக்கிலிருந்து மியூசிஷியன், சிங்கிலிருந்து சிங்கர், கிதாரிலிருந்து கிதாரிஸ்ட். கண்டக்ட் என்ற சொல் வந்த அன்று வண்டி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியக்காரர்களுக்கு முன்னால் நின்று குச்சியை ஆட்டுகிறவருக்கும் கண்டக்டர் என்றுதான் பெயராம். "அவருக்குச் சில்லறைத் தகராறு இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார் சசியண்ணன். எதற்கு எந்த வால் ஒட்டும் என்று ஒருவருக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை. டிக்கெட் கிழித்துக்கொண்டே நான் நம் தமிழை யோசித்துப் பார்ப்பேன். பாடு என்றால் பாட்டு, பாடல், பாடகர். ஆடு என்றால் ஆட்டம், ஆடல், ஆனால் ஆடகர் என்று யாரும் சொல்வதில்லை. ஏன் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. சொல்லிச் சொல்லிப் பழகியது. இங்கிலீஷ்காரர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்ததும் இங்கிலீஷ் மீது இருந்த பயம் எனக்கே கொஞ்சம் விட்டது.

அந்த 'லி' வந்ததும் அப்போதுதான். ஸாஃப்ட், ஸாஃப்ட்லி. ஸ்வீட், ஸ்வீட்லி. லவுட், லவுட்லி. வரிசையாக எல்லாம் ஒத்துவந்ததும் சசியண்ணன் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி, "சம்சயம்னா ஒரு லி போட்டுக்கோன்னு மோன்கிட்ட சொல்லு" என்றார். நான் அதை அப்படியே வந்து உனக்குச் சொன்னேன். நீயும் அதைப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிவைத்தாய். ஹார்டுக்கு என்ன செய்வது என்று அந்த வண்டியில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அதனால் நீ பிள்ளைகளுக்கு முன்னால் பட்ட அவமானத்தில் எங்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. திங்கட்கிழமை காலை வண்டியில் நான் சசியண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். "அவனைப் போன்ல விளிச்சு என் பேர்ல ஒரு ஸாரி சொல்லு" என்றார். சொல்லிவிட்டேன்.

இப்போது நான் உனக்கு அதிகம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு மழை நாளில் ஹார்மனி என்ற சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் அடித்துக்கொண்டிருந்தோம். ஹார்மோனியஸ் என்பதற்கும் ஹார்மோனியத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று பேச்சு எங்கோ போய்விட்டது. கரகுளத்தில் இறங்க வேண்டிய ஒரு பெரியவர் முன்னாலேயே என்னிடம் சொல்லி வைத்திருந்தார். நான் பெல் அடிக்கவில்லை. அவர் கத்தியபோது வண்டி அடுத்த ஸ்டாப்பைத் தாண்டியிருந்தது. குடையில்லை, கையில் மரச்சீனிக் கிழங்குப் பை. கொட்டுகிற மழையில் அவர் திரும்பி நடந்து போனதைப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டதற்கு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் டிப்போவில் புகார் கொடுத்தார். கொடுக்க வேண்டியதுதான். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "இது பஸ்ஸோ, ட்யூஷன் சென்டரோ?" என்று கேட்டார். விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றோடு பஸ்ஸில் சொல் விசாரிப்பதை நிறுத்திவிட்டேன். உன்னிடம் "இன்னைக்கு யாருக்கும் தெரியல" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன்.

பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாளும் நான் அதையே சொன்னதும் நீ புத்தகத்தை மூடினாய். போயிற்று, இனிப் பரணுக்குத்தான் என்று நான் நினைத்தேன். டிப்போவுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் சசியண்ணனைப் பிடித்து விஷயத்தைக் கறந்துவிட்டாய் என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் காலை நெடுமங்காட்டில் வண்டி நின்றதும், வீட்டிலிருந்து எங்களுக்கு முன்னாலேயே அங்கே வந்து காத்திருந்த நீ கூட்டத்தோடு ஏறினாய். வீட்டில் யாருக்கு என்னவோ என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தேன். "எங்கடா?" என்றேன். மற்ற பயணிகளைப் போலவே கையை நீட்டி, "கிழக்கேகோட்டை, ஒண்ணு" என்றாய். டிக்கெட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே ஷீலா சிஸ்டரின் சீட்டுக்குப் போனாய். கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் புத்தகத்தைத் திறந்து, அதுவரை நான் கேட்டிராத ஒரு குரலில், "எக்ஸ்க்யூஸ் மீ சிஸ்டர். ஐ ஹேவ் ஒன் டவுட்" என்றாய்.

நீ படித்த வாக்கியத்தில் ஏதோ ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தாய். ரிதம் என்பதையா, வேறெதையா என்று மறந்துவிட்டது. பின்னால் யூனிஃபார்மில் இருந்த ஒரு பையன் சத்தமாகச் சிரித்தான். உன் காது சிவந்ததை நான் இந்தப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். நீ அப்படியே நின்றுவிட்டாய். எனக்கு அவனைத் திட்ட வேண்டும் போலிருந்தது, உன்னை அங்கிருந்து இறக்கிவிட வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் நான் யூனிஃபார்மில் இருந்தேன், படியில் இரண்டு பேர் டிக்கெட் எடுக்காமல் நின்றார்கள். திரும்பி அவர்களிடம் போனேன். என் முதுகுக்குப் பின்னால் உன் குரல் கேட்டது, மலையாளத்தில், கோபமே இல்லாமல்: "நினக்கு அறியுமோ? அப்ப நீ சொல்லு." திரும்பிப் பார்த்தபோது நீ அந்தப் பையனிடம் புத்தகத்தை நீட்டிக்கொண்டிருந்தாய். அவன் வாங்கிப் பார்த்தான். பிறகு சொல்லைச் சரியாக உச்சரித்துக் காட்டினான். நீ திருப்பிச் சொன்னாய். அவன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உனக்கு உட்கார இடம் விட்டான். வழுதக்காட்டில் அவன் இறங்குவதற்குள் இருவரும் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டீர்கள். பரீட்சை வரை தினமும் அவன் உனக்கு இடம் பிடித்து வைத்தான். அவன் பெயரை நான் கேட்டுக்கொள்ளவேயில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

பரீட்சை நடந்த அன்று நீ வெளியே வந்து என்னைக் கூப்பிட்டு முதலில் சொன்னது, "அம்மா, மியூசிக்கே வரல. எல்லாம் விவசாயம்." அத்தனையும் வீணா என்று கேட்டேன். நீ சிரித்தாய். "ஆனா பரவால்ல. ஃபார்ம்னா ஃபார்மர், ப்ரொட்யூஸ்னா ப்ரொடக்ஷன். சொல்லு எப்படி மாறும்னு தெரிஞ்சு போச்சு. ஒரு பக்கமும் சும்மா விடல" என்றாய். பெரிய மார்க் ஒன்றும் வாங்கவில்லை, பாஸ் ஆனாய். ரிசல்ட் தெரிந்த அன்று அப்பா துறைமுகத் தூசி படிந்த சட்டையோடே ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். தன் தோர்த்துத் துண்டால் துடைத்தார். "ஊது. பக்கத்து வீட்டுக்காரங்க கேக்கட்டும்" என்றார். நீ ஊதினாய், அவர்களும் கேட்டார்கள், ஒருவர் வந்து புகாரும் சொன்னார். அந்த சர்டிஃபிகேட் இருந்ததால்தான் இன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் உனக்கு இடம் கிடைத்திருக்கிறது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பிள்ளைகள் செய்ததைக் கேலி என்று மட்டும் எடுத்துக்கொண்டு நீ பெட்டியைக் கட்டிவிடக் கூடாது. கொஞ்சம் கேலியும் இருந்திருக்கும், பிள்ளைகள்தானே. ஆனால் இன்னொன்றையும் பார். கேட்டும் கேட்காமலும் ஊதுங்கள் என்று நீ சொன்னாய், அவர்கள் அப்படியே ஊதினார்கள். ட்ரம்பெட்டை அலற வைப்பது சுலபம், சத்தத்தைக் குறைத்துக் குறைத்து நூல் மாதிரி நிறுத்துவதுதான் கஷ்டம் என்று நீதானே என்னிடம் சொல்லியிருக்கிறாய்? ஒரு வரிசைப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரே மாதிரி சத்தத்தைக் குறைத்தார்கள் என்றால் அவர்கள் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், உன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஏனோதானோ என்று ஊதியவர்கள் அந்த ஒரு நிமிஷம் கவனமாக ஊதியிருக்கிறார்கள். அங்கிருந்தே தொடங்கு. இதை வாசித்த மறுநாள் போனதும், முதலில் ஹார்ட்லி, அப்புறம் ஹார்ட் என்று சொல். இரண்டையும் பழக்கு. சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நீயும் சேர்ந்து சிரி. அவர்களில் நன்றாக இங்கிலீஷ் பேசுகிற, அதிகமாகச் சிரிக்கிற பிள்ளை யார் என்று பார். அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, எனக்கு ஒரு சொல் சந்தேகம், நீ சொல்லு என்று கேள். அதை எப்படிக் கேட்பது என்று நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு உன் கஷ்டமே புரியவில்லை. "சத்தம் கூட்டணும்னா கைய மேல காட்டச் சொல்லு, கொறைக்கணும்னா கீழ. இதுக்குப் பாஷை எதுக்கு? எங்க சைட்டுல பீகார்க்காரன், ஒரியாக்காரன், சீனாக்காரன் எல்லாரும் என் கையத்தான பாக்கான்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சொல் வராத இடத்தில் கையைக் காட்டு. ஆனால் கை போதும் என்று சொல்லைத் தேடாமல் விட்டுவிடாதே, அது மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன். அப்பாவின் கையைப் பார்க்கிறவன் மேலே கேபினில் இருக்கிறான், சாயங்காலம் இறங்கிப் போய்விடுவான். உனக்கு அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிட வேண்டும், காய்ச்சல் வந்தால் விசாரிக்க வேண்டும், வீட்டை நினைத்து அழுகிற பிள்ளையிடம் ஏதாவது சொல்ல வேண்டும். அதற்குத் தப்பும் தவறுமாகவாவது பேச்சு வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு உனக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை என்றால் வா. நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், அப்பாவும் கேட்க மாட்டார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, வேலை பிடிக்கவில்லை, ஊதுவதே அலுத்துவிட்டது, எந்தக் காரணமானாலும் வா. ஒரே ஒரு சொல்லுக்காக மட்டும் வராதே. பேண்ட் மாஸ்டர் திரும்பி வரும்வரையாவது இருந்து பார்.

உனக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு நான் பேசாமலிருப்பதாக நினைக்காதே. ஓணம் கழிந்ததும் எங்கள் டிப்போவிலிருந்து பொன்முடிக்கு ஒரு உல்லாசப் பயண வண்டி விடப்போகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள், வடநாட்டுக்காரர்கள் எல்லாம் வருவார்கள். கண்டக்டர் மைக்கைப் பிடித்து, வளைவுக்கு வளைவு, இது இன்ன மலை, இது இன்ன ஆறு என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். யாருக்கு விருப்பம் என்று கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன். ஏன் தூக்கினேன் என்று இன்னும் தெரியவில்லை. சின்ன வயசில், பொன்முடிக்குப் பக்கத்துப் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வீட்டுக்கு முன்னால் நாங்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போது காரில் யாராவது வந்து இங்கிலீஷில் வழி கேட்டால், தேயிலைச் செடிக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொள்வோம். கார் போன பிறகுதான் வெளியே வருவோம். அவர்கள் கேட்ட வழி எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த மலைகளைப் பற்றித்தான் இப்போது மைக்கில் பேசப்போகிறேன். சொல்ல வேண்டியதைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதி மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். அப்பா எதிரே உட்கார்ந்து சுற்றுலாப் பயணி மாதிரி தலையாட்டுகிறார்.

ஒரு இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டேன். மேலே ஏறி, மேகம் விலகி, கீழே அத்தனை பள்ளத்தாக்கும் திறக்கிற அந்தத் திருப்பம் உண்டே, அங்கே சொல்ல வேண்டியது. ப்ரெத் என்றால் மூச்சு. அந்தக் காட்சி ப்ரெத்லெஸ்ஸா, ப்ரெத்டேக்கிங்கா? ஷீலா சிஸ்டர், ஒன்று மூச்சு இல்லாமல் போவது, மற்றது மூச்சைப் பிடுங்குவது என்கிறார். சசியண்ணன், ரெண்டும் ஆஸ்பத்திரிக் கேஸ்தான் என்கிறார். எனக்கு இரண்டுமே சரி மாதிரிதான் படுகிறது. மூச்சைக் கொடுத்துப் பிழைக்கிறவன் நம் வீட்டில் நீ ஒருத்தன்தான். அங்கே யாரிடமாவது கேட்டு, எது சரி என்று எனக்குச் சொல்.